மருதமுனைத் தறிக்கும் ஒரு பெயர் வேண்டும்

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1688ஆம் ஆண்டு தோற்றம் பெற்ற ஹொசோ நெசவு நிறுவனம், கிமோனோ அணிவோர் அருகியபோதும் தறியைக் கைவிடவில்லை. கிமோனோ இடைப்பட்டிக்காகச் சுமார் 32 சென்ரிமீற்றர் அகலத்தில் நெய்த பட்டை 150 சென்ரிமீற்றருக்கு அகலப்படுத்தி, டியோர் போன்ற ஆடம்பர நிலையங்களின் சுவர்களை அலங்கரிக்கச் செய்தது. மரபு மாறவில்லை, பயன்பாடே மாறியது.

இது எமக்கு எட்டாத வித்தையல்ல. பார்பரா சன்சோனி 1964இல் கொழும்பில் ஆரம்பித்த 'பெயார்புட்', கிராமியப் பெண்களின் கைத்தறித் துணியை எளிய கோடுகளாலும் அடர்ந்த வண்ணங்களாலும் உலகறியச் செய்தது.

ஆனால், மருதமுனை முஸ்லிம் நெசவாளர்களின் நிலை என்ன? 2004இல் கடற்கோள் அவ்வூரைச் சிதைத்தது. இறக்குமதி நூலிலும் சாயத்திலும் தங்கியுள்ள தொழிலை 2022இன் பொருளாதார நெருக்கடி மேலும் நலிவுறச் செய்தது.

வெள்ளவத்தை நெசவாலை இருந்த காணியில் இன்று ஹெவ்லொக் சிற்றி மாடிகள் எழுந்து நிற்கின்றன. காலி வீதிப் புடைவைக் கடைகளில் காஞ்சிபுரத்தைப் பெயர் சொல்லிக் கேட்கும் நாம், மருதமுனையை அவ்வாறு கேட்கின்றோமா?

2022இல் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. மருதமுனை நெசவுக்கும் அத்தகைய அங்கீகாரத்தைப் பெற்றுக்கொடுக்க அரசாங்கம் முன்வர வேண்டும். மொரட்டுவைப் பல்கலைக்கழக வடிவமைப்பு மாணவர்களை நெசவாளர்களுடன் இணைக்கலாம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வர்த்தகர்கள் தமது கடைகளில் ஊர்ப்பெயருடன் அத்துணிக்கு ஓரிடம் ஒதுக்கலாம். வாங்குவோரும் கூலிக்கேற்ற விலையைக் கொடுக்கத் தயங்கலாகாது.

தறி ஓய்ந்தபின் அதன் பெருமையைப் பேசுவதில் பயனில்லை.