உபுண்டு நீண்டகால ஆதரவுப் பதிப்புகள்

உபுண்டு நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்பது, உபுண்டு லினக்ஸ் வழங்கலின் வெளியீடுகளுள் ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் உறுதியளிக்கப்படும் பதிப்பாகும். இது ஈராண்டுக்கு ஒருமுறை வெளியிடப்படுகின்றது. ஆயினும், இவ்வுறுதி எல்லா மென்பொருட்களுக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை.

வெளியீட்டுச் சுழற்சி

டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவின் முதற் பதிப்பு 2004 அக்டோபரில் வெளிவந்தது. பதிப்பெண் ஆண்டையும் மாதத்தையும் குறிப்பதால் அது 4.10 எனப்பட்டது. ஆறு மாதங்களுக்கு ஒரு பதிப்பு என்பது உபுண்டுவின் நடைமுறை. இதனால் புதிய மென்பொருட்கள் விரைவாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பதிப்பின் ஆயுளும் குறுகியது. சாதாரணப் பதிப்புகளுக்கான ஆதரவு தொடக்கத்தில் 18 மாதங்களாக இருந்தது. 2013 இல் வெளியான 13.04 முதல் 9 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. பல கணினிகளையும் வழங்கிகளையும் பராமரிக்கும் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் இவ்வேகம் ஏற்றதன்று.

நீண்டகால ஆதரவு

இதற்குத் தீர்வாக 2006 ஜூனில் 6.06 பதிப்பு வெளியிடப்பட்டது. ஏப்ரலில் வரவேண்டிய இது, மேலும் செம்மைப்படுத்தப்படுவதற்காகத் தாமதப்படுத்தப்பட்டது. இதற்கு மேசைக் கணினிகளில் 3 ஆண்டுகளும் வழங்கிகளில் 5 ஆண்டுகளும் ஆதரவு அளிக்கப்பட்டது. 12.04 முதல் இரண்டுக்கும் 5 ஆண்டுகளாயின.

ஆதரவுக் காலத்தில் பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால், பெரும்பாலும் மென்பொருளின் புதிய பதிப்பு சேர்க்கப்படுவதில்லை. திருத்தம் மட்டும் பழைய பதிப்பில் பொருத்தப்படுகின்றது. எனவே, பதிப்பெண் பழையது என்பதைக் கொண்டு மட்டும் ஒரு மென்பொருள் பாதுகாப்பற்றது எனக் கருதுதல் தவறு.

ஆதரவின் எல்லை

உபுண்டுவின் பொதிகள் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 'மெயின்' தொகுதியைக் கனோனிக்கல் நிறுவனம் பராமரிக்கின்றது. ஐந்தாண்டு உறுதி இதற்கே உரியது. எண்ணிக்கையில் மிகுதியான பொதிகளைக் கொண்ட 'யுனிவர்ஸ்' தொகுதி தன்னார்வலர்களைச் சார்ந்தது. அங்கு திருத்தத்தை உருவாக்க ஒருவரும் முன்வராவிடில் குறை அப்படியே நீடிக்கக்கூடும்.

2023 ஜனவரியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 'உபுண்டு புரோ' சேவை, இரு தொகுதிகளுக்கும் 10 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்களை வழங்குகின்றது. தனிநபர்கள் ஐந்து கணினிகள் வரை இதனை இலவசமாகப் பயன்படுத்தலாம். பெரிய அளவில் பயன்படுத்தும் நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும்.

கட்டற்ற மென்பொருளின் மூலநிரல் அனைவருக்கும் கிடைக்கின்றது. ஆனால் பழைய பதிப்பைத் தொடர்ந்து திருத்துவதற்கு மனித உழைப்பு தேவை. ஆகவே, ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஆதரவு ஆண்டுகளை மட்டுமன்றி, தமக்குத் தேவையான பொதி எத்தொகுதியைச் சேர்ந்தது, அதனைப் பராமரிப்பவர் யார் என்பவற்றையும் அறிதல் இன்றியமையாதது.