சவரக் கத்திக்கு எந்தக் கல்?

மழுங்கிய சவரக் கத்திக்கு மருந்து உண்டு. தகாத கல்லில் தீட்டிக் கெடுத்த கத்திக்கு மருந்து இல்லை. பென்ஸில் சீவப் பயன்படும், அவ்வளவுதான். இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்துப் பழைய குடும்பங்களில், பாட்டனார் விட்டுச் சென்ற மடக்குக் கத்தி ஒன்று எண்ணெய்த் துணியில் சுற்றியபடி பெட்டியின் அடியில் கிடப்பதுண்டு. சவரக் கடைகளில் ஆளுக்கொரு பிளேடு என்ற நல்ல வழக்கம் பரவிய பிறகு, கத்தி தீட்டும் வித்தை அருகிவிட்டது. பாட்டனார் கத்தியைத் தாமும் எடுத்தாள ஆசைப்படும் பேரப்பிள்ளைகள், யாரிடம் போய்க் கேட்பது என்று அறியாமல் விழிக்கிறார்கள். அவர்களை உத்தேசித்தே இவ்வாரம் கல்லைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். கத்தி என்ற பெயர் ஒன்றாயினும், கத்திகளின் குணம் ஒன்றல்ல. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வஞ்சிரத்தைத் துண்டு போடும் கத்தியைப் பாருங்கள். அதன் வாயில் கண்ணுக்குப் புலப்படாத சிறு பற்கள் இருப்பது நல்லது. அவை தோலையும் செதிளையும் பற்றி அறுக்கும். முரட்டுக் கல்லே அதற்குப் போதும். சவரக் கத்தியின் வாயிலோ அத்தகைய பல் ஒன்று இருந்தாலும் கன்னம் பொறுக்காது. தெருவில் சுழலும் சாணைச் சக்கரம் அரிவாள்மணைக்கு உற்ற நண்பன். சவரக் கத்திக்குச் சத்துரு. சக்கரத்தில் பிறக்கும் சூடு, காகிதம் போல் மெலிந்த அந்த வாயின் பதத்தை ஒரு கணத்தில் எடுத்துவிடும். பதம் போன எஃகு எத்தனை தீட்டினாலும் கூர்மையைத் தாங்காது.

ஆகவே வேண்டியது சக்கரமன்று, தட்டைக் கல். சவரக் கத்தியைச் செய்தவர்கள் ஓர் உபகாரம் செய்திருக்கிறார்கள். கத்தியைக் கல்லின் மேல் படுக்க வைத்தால், தடித்த முதுகும் மெல்லிய வாயும் ஒரே சமயத்தில் கல்லைத் தொடும். சாய்மானம் தானே அமைந்துவிடும். ஆனால் இந்த உபகாரம் பலிப்பதற்குக் கல் நேர்த்தட்டையாக இருக்க வேண்டும். நடுவில் குழிந்த கல், விலை எவ்வளவானாலும் வேண்டாம். கல்லின் முகத்தில் பென்ஸிலால் கட்டங்கள் வரைந்து, கண்ணாடித் தகட்டின் மேல் நீர் தெளித்து விரித்த உப்புத்தாளில் தேய்த்துப் பாருங்கள். கோடுகள் எல்லா இடத்திலும் ஒன்றாக மறைந்தால் கல் சமமானது. நடுக்கோடுகள் மட்டும் நின்றால், அவை மறையும்வரை தேய்த்துச் சமமாக்கிக் கொள்ள வேண்டும்.

இனி, எத்தனை கல்? அதைக் கத்தியே சொல்லும். விளக்கொளியில் வாயை மேல்நோக்கிப் பிடியுங்கள். வெள்ளைக் கோடு மின்னினால் அது மழுங்கிய இடம்; கூரிய வாய் ஒளியைத் திருப்பாது. கோடே இல்லாமல் சவரம் மட்டும் சற்று இழுப்பதாக இருந்தால், கல்லே வேண்டாம். தோல்வாரில் சில தடவை இழுத்தால் போதும். கோடு தெரிந்தால், கடைக்காரர் 1000 என்று எண்ணிட்டுத் தரும் கல்லில் தொடங்க வேண்டும். எண் ஏற ஏறத் துகள் நுண்மையாகும். பிறகு 4000 எண்ணுக்கு அண்மையில் ஒன்று, முடிவில் 8000. இந்த மூன்றும் இருந்தால் ஓர் ஆயுட்காலத்துக்குப் போதும். இரும்புக் கடையில் கிடைக்கும் கறுப்பு இருமுகக் கல், அதன் மெல்லிய முகங்கூட, சவரக் கத்திக்கு மிகவும் முரடானது. வாயில் பள்ளம் விழுந்த கத்திக்கே முரட்டுக் கல் தேவைப்படும். அப்போதும் அதை அனுபவசாலியிடம் விடுவதே விவேகம்.

மேல்நாட்டில் இதற்கென்றே புகழ்பெற்ற இயற்கைக் கற்கள் உண்டு. பெல்ஜியத்து ஆர்டென் மலையில் எடுக்கும் மஞ்சள் நிறக் கல் ஒன்று. அமெரிக்காவின் ஆர்க்கன்ஸா கல் மற்றொன்று. அந்தப் பாறைக்கு 'நோவாகுலைட்' என்று பெயர். லத்தீன் மொழியில் 'நோவாகுலா' என்றால் சவரக் கத்தி! இவை உத்தமமான கற்களே. ஆயினும் இயற்கைக் கல் ஒன்றைப் போல் ஒன்று இராது. கை பழகியவருக்கே அதன் குணம் பிடிபடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு, துகள்களைச் சலித்துத் தரம் பிரித்துச் செய்த செயற்கைக் கல்லே சிலாக்கியம்.

அச்செயற்கைக் கல்லில் பெரும்பாலும் இருக்கும் வஸ்து எது என்று கேட்டால், நம்மவர்கள் பெருமைப்படத்தக்க பதில் கிடைக்கிறது. அது குருந்தம். காங்கயத்தை அடுத்த சிவன்மலைப் பாறைகளில் குருந்தம் உண்டு. அதன் பொடியை அரக்கில் குழைத்துச் சாணை செய்வது இந்நாட்டின் பழைய தொழில். மாணிக்கமும் நீலமும் இதே கல்லின் நிறம் ஏறிய பிள்ளைகள். 1798-இல் சார்ல்ஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் சொசைட்டியில் இக்கல்லைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார். நம் சொல்லே 'கொரண்டம்' என்று ஆங்கிலத்தில் நிலைத்தது. பின்னர் 1891-இல் அமெரிக்கரான ஆச்சிஸன், களிமண்ணையும் கல்கரித் தூளையும் மின்சாரத்தால் காய்ச்சிப் புதியதொரு கடினப் பொருளைக் கண்டார். அது கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று எண்ணிக் 'கார்பொரண்டம்' என்று பெயரிட்டார். உண்மையில் அதில் குருந்தம் இல்லை. பெயரில் மட்டும் இருக்கிறது. அந்தப் பெயரைத் தாங்கிய கார்பொரண்டம் யூனிவர்ஸல் ஸ்தாபனம் 1954-இல் முருகப்பா குடும்பத்தாரின் முயற்சியால், அமெரிக்க, ஆங்கிலக் கம்பெனிகளின் கூட்டுறவோடு தோன்றித் திருவொற்றியூரில் தொழிற்சாலை கண்டது. கடல் கடந்து போன தமிழ்ச் சொல், உருமாறித் தமிழ்க் கடற்கரைக்கே திரும்பிவிட்டது!

சொல்லின் யாத்திரையில் நமக்கு ஒரு பாடமும் உண்டு. கார்பொரண்டம் குருந்தத்தைவிடக் கடினமானது, விரைவாகக் கடிக்கும். அதனாலேயே அது முரட்டு வேலைக்கு உரியதாயிற்று. கல்லின் கடினத்தைக் கேட்டு வாங்காதீர்கள். துகளின் நுண்மையையும் முகத்தின் சமத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வாங்கிய கல்லை நீரில் நனைத்து, வாய் முன்செல்லக் கத்தியைத் தள்ளுங்கள். கத்தியின் கனமே போதும். கையின் பலத்தைக் காட்ட வேண்டாம். திருப்பும்போது முதுகின் மேல் புரட்டுங்கள். வாயின் மேல் புரட்டினால் அதுவரை உழைத்ததெல்லாம் வியர்த்தம். தோல்வாரிலோ இதற்கு நேர்மாறாக முதுகு முன்செல்ல வேண்டும். தீட்டி முடித்த கத்தி ஒரே முகத்துக்கு மட்டும் உரியது. இரத்தத்தால் தொற்றும் நோய்கள் இருப்பதால், அண்ணன் தம்பிக்குள்ளும் அதை இரவல் தரலாகாது. நிதானமுள்ளவர்களுக்குப் பாட்டனார் கத்தி இன்னும் இரண்டு தலைமுறை உழைக்கும்.