மனு போட்டால் பிச்சைக்காரர்களா நாங்கள்?

அப்பா இறந்த பிறகும் அவர் உழுத புன்செய் நிலம் அவர் பெயரிலேயே கிடக்கிறது. பட்டா மாறுதலுக்காக வாரிசுச் சான்று கொடுத்தேன், மூலப் பத்திரம் கொடுத்தேன், வில்லங்கச் சான்றும் கொடுத்தேன். இ-சேவை மையத்தில் பணம் கட்டி ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். வி.ஏ.ஓ.வைக் கேட்டால் ஆர்.ஐ.யிடம் போயிற்று என்கிறார். ஆர்.ஐ. சர்வேயரைக் கை காட்டுகிறார். சர்வேயர் எப்போது போனாலும் ஃபீல்டில் இருக்கிறார். கடைசியில் செல்போனுக்கு ஒரு வரி வந்தது: ஆவணம் போதவில்லை, நிராகரிக்கப்பட்டது. எந்த ஆவணம் என்று கேட்டால், "மறுபடி அப்ளை பண்ணுங்க" என்கிறார்கள்.

பட்டா இல்லாமல் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்க முடியவில்லை. வெளியே வட்டிக்கு வாங்கித்தான் விதைக்கிறேன். அந்த வட்டியை யார் கட்டுவது? ஃபைலைத் தூங்க விட்டவரா, நானா?

தாலுகா அலுவலகச் சுவரிலேயே மக்கள் சாசனப் பலகை தொங்குகிறது. எந்தச் சான்றுக்கு எத்தனை நாள் என்று பெயின்ட்டில் எழுதியிருக்கிறார்கள். அந்த நாள் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை. எழுத முடியாது, ஏனென்றால் தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் இல்லை.

மத்தியப் பிரதேசம் 2010-லேயே சேவை உத்தரவாதச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 வரை அதிகாரிக்கு அபராதம். கர்நாடகம் 2011-ல் 'சகாலா' சட்டம் இயற்றியது. தாமதித்த ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய், 500 ரூபாய் வரை மனுதாரர் கேட்டு வாங்கலாம். அது தாமதத்துக்குக் காரணமானவரின் சம்பளத்திலிருந்து போகும். கேரளமும் 2012-ல் சட்டம் போட்டுவிட்டது. அங்கெல்லாம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 20 ரூபாய் ஒரு டீ, வடை காசுதான். ஆனாலும் தாமதம் இவருடையது என்று பெயரோடு பதிவாகிறதே, அந்தப் பதிவைத்தான் நான் கேட்கிறேன்.

நாம் இதில் பின்தங்க வேண்டிய மாநிலமே இல்லை. நாடு முழுமைக்கும் தகவல் உரிமைச் சட்டம் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997-ல், அதைச் சட்டமாக்கிய மாநிலம் தமிழ்நாடு. 2021 தேர்தல் அறிக்கையில் சேவை உரிமைச் சட்டம் கொண்டுவருவோம் என்று வாக்குறுதி தந்து தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. நான்கு ஆண்டு முடிந்தபோதும் சட்டம் வரவில்லை. அதற்குப் பதில் மனு வாங்கும் முகாம்கள் வந்தன. பந்தல், நாற்காலி, பேனர் எல்லாம் வந்தன. முகாமில் கிடைப்பது அன்றைய தயவு. மறுநாள் காலை நான் பழையபடி அதே ஜன்னலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுக்கலாமே என்பார்கள். கொடுத்தேன். 'தகுந்த நடவடிக்கைக்காக' என்று குறிப்பெழுதி, யார் மீது புகார் சொன்னேனோ அவர் மேஜைக்கே அனுப்பி வைத்தார்கள். குறைதீர்க்கும் நாளில் வாசலில் போலீஸ் நம் பையைத் துழாவி மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிப் புகாரோடு திரும்பத் திரும்ப மனு கொடுத்துப் பலன் காணாத தம்பதி, இரண்டு பெண் குழந்தைகளோடு எரிந்து போனார்கள். அதற்குப் பிறகும் நம் நிர்வாகம் கற்றுக்கொண்டது பையைச் சோதிக்க மட்டும்தானா?

சட்டமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களே, நான் சலுகை கேட்கவில்லை. மனு வாங்கினால் முடிவுக்கு ஒரு தேதி கொடுங்கள். மறுத்தால் எந்தத் தாள் குறை என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்கள். தேதி தப்பினால், தப்பவிட்டவரின் சம்பளத்தில் பிடியுங்கள். இதைச் சட்டமாக எழுதி, அடுத்த கூட்டத்தொடரிலேயே நிறைவேற்றுங்கள்.