பழைய கம்ப்யூட்டரில் போட்டோ வேலை ஓடாது என்பவர்களுக்கு

பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் வந்து, கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தால் எவ்வளவு தேறும் என்று கேட்டார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். போட்டோ எடிட்டிங் கற்றுக்கொண்டு ஸ்டுடியோ வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். சென்னை-திருவள்ளூர் சி.டி.எச். ரோட்டில் ஒரு பயிற்சி மையத்துக்கு இருவரும் போய் விசாரித்திருக்கிறார்கள். மூத்தவனுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் சும்மாதான் கிடக்கிறது என்று அக்கா அதைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "கவர்மென்ட் லேப்டாப்பா? இதுல போட்டோஷாப் ஓடாதும்மா. குறைஞ்சது எட்டு ஜிபி ராம் வேணும், கிராஃபிக்ஸ் கார்டு வேணும். புதுசு வாங்கிட்டு வாங்க, பாப்பாவுக்கு சீட் போட்டுடலாம்." தவணைக்கு ஏற்பாடு செய்யும் ஆள் அடுத்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

ஓடாது, ஓடாது, ஓடாது. பாடியில் தொடங்கி பட்டாபிராம் வரை, அந்தப் பக்கம் பூந்தமல்லி டிரங்க் ரோடு வரை எந்தக் கம்ப்யூட்டர் கடையில் கேட்டாலும் இதே பல்லவி. போட்டோ வேலை என்றால் போட்டோஷாப், போட்டோஷாப் என்றால் புது மெஷின், காசில்லாமல் கிடைக்கிற மென்பொருள் உருப்படாது. இப்படிச் சொல்பவர்கள் வேறொரு மென்பொருளை ஒரு நாளாவது திறந்து பார்த்திருப்பார்களா? கேட்பவர்களோ, விவரம் தெரிந்தவர் சொல்கிறார் என்று நம்பி நகையைக் கழற்றுகிறார்கள்.

திருமுல்லைவாயிலில் ஒரு சின்ன ஸ்டுடியோ இருக்கிறது. ஒரே அறை, ஒரு திரை, இரண்டு குடை லைட், ஒரு பிரின்டர். அதை நடத்துகிற பெண்ணிடம் இருப்பதும் அரசு லேப்டாப்தான். அக்கா வீட்டில் இருப்பதைவிடப் பழசு. அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கிய முதல் சில வருஷங்களில் அவர் பள்ளிக்கூடத்தில் வாங்கியது. 2 ஜிபி ராம். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, ஒயரை உருவினால் அணைந்துவிடும். பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை ஏற்றி, கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளை வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் போட்டோ, ஸ்டாம்ப் சைஸ், தாத்தா பாட்டியின் பழைய படங்களைப் புதுப்பித்துத் தருவது, காதுகுத்து, வளைகாப்பு என்று அந்த லேப்டாப்தான் அவர் வீட்டுக்குச் சோறு போடுகிறது.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வேலை விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க ஒரு பையன் வந்திருந்தான். கேமராவிலிருந்து படத்தை இறக்கி, முகத்தையும் தோளையும் 35-க்கு 45 மில்லிமீட்டர் என்ற அளவில் வெட்டினார். இன்ச்சுக்கு 300 புள்ளி என்று கணக்கு வைத்தால் அது 413-க்கு 531 பிக்சல். திரையின் ஓரத்தில் விழுந்திருந்த நிழலைத் தேர்ந்தெடுத்து வெள்ளையாக்கினார். கர்வ்ஸ் கருவியைத் திறந்து வெளிச்சத்தை ஒரு தூக்கு தூக்கினார். பிறகு ஆறுக்கு நாலு இன்ச் தாள் ஒன்றைத் திறந்து, வெட்டிய படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டு, நகலெடுத்து பேட்டர்னாக நிரப்பினார். மேலே நாலு, கீழே நாலு, எட்டுப் படமும் ஒரே சொடுக்கில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பையன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வெளியே வருவதற்குள் பிரின்டர் தாளைத் தள்ளிவிட்டது.

இதில் எங்கே எட்டு ஜிபி வேண்டியிருந்தது? ஆறுக்கு நாலு தாள் என்பது 1800-க்கு 1200 பிக்சல். பெருக்கினால் 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளி. புள்ளிக்கு மூன்று பைட் வைத்தால் மொத்தம் ஆறரை எம்பி. அந்த லேப்டாப்பில் இருப்பது 2048 எம்பி. லினக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொள்ளட்டும், கிம்ப் உள்ளுக்குள் அதைப்போலப் பல மடங்கு எடுத்துக்கொள்ளட்டும், அதற்கு மேலும் இடம் இருக்கிறது. 24 மெகாபிக்சல் கேமராவின் முழுப் படமே விரித்தால் 72 எம்பிதான். லேயர்கள் நிறைந்த பெரிய ஆல்பம் ஷீட் என்றால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் என்ன? எந்த வாடிக்கையாளர் அதற்காகத் திரும்பிப் போனார்? எட்டு ஜிபி என்பது அடோபி இன்று தன் போட்டோஷாப்புக்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவு. ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்குத் தேவையானதைத் தொழிலுக்கே தேவையானது என்று சொல்லி ஏழை வீட்டுப் பெண்ணின் கையில் கடன் சீட்டைத் திணிப்பது அயோக்கியத்தனம்.

"கிம்ப் எல்லாம் காலேஜ் பசங்க விளையாடுறது சார்" என்று ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார். ஆமாம், காலேஜ் பசங்கள்தான் தொடங்கினார்கள். 1995-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் எழுதியது. அடுத்த ஆண்டே லாரி யூயிங் அதில்தான் லினக்ஸின் பென்குயினை வரைந்தார். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த படம் அது. 1996-ல் வீட்டுக் கம்ப்யூட்டரில் 16 எம்பி ராம் இருந்தாலே பெரிய விஷயம். 2 ஜிபி என்பது அதைப்போல 128 மடங்கு. அந்தப் பென்குயினுக்குப் போதுமான மென்பொருள் நம் ஊர்ப் பையனின் பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போதாதா? படத்தில் வேண்டாத பொருளை அழித்தால் பின்னணி தானாக நிரம்பும் வித்தையை 2010-ல் அடோபி பெரிய புதுமையாக அறிமுகப்படுத்தியது. பால் ஹாரிசன் எழுதிய ரீசிந்தசைசர் என்ற கிம்ப் செருகுநிரல் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது, காசில்லாமல்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய லேத்துகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அங்கே போய், புது மெஷின் வாங்கினால்தான் கடைசல் வேலை கற்க முடியும் என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம். டர்னர் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நாம் வாயைப் பிளந்து கேட்டுக்கொள்கிறோம்.

அரசாங்கம் இந்த லேப்டாப்பை எப்படிக் கொடுத்தது என்பதும் மறந்துபோய்விட்டது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, நம் ஆவடியைத் தாண்டி அதே திருவள்ளூர் பாதையில் இருக்கும் காக்களூரில்தான் ஜெயலலிதா அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதன் பிறகு ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கைக்கு லேப்டாப் போனது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையிலேயே, சி-டாக் நிறுவனத்தில் உருவான இயங்குதளம். அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? தெருமுனைக் கடையில் கொடுத்தார்கள். கடைக்காரர் பாஸை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸையும் கிராக் செய்த போட்டோஷாப்பையும் ஏற்றிக் கொடுத்து முன்னூறு, நானூறு வாங்கிக்கொண்டார். அது திணறியதும், "கவர்மென்ட் லேப்டாப் அப்படித்தான், தரமே கிடையாது" என்று பழி லேப்டாப்பின் தலையில். திருமுல்லைவாயில் லேப்டாப்பும் அதே திட்டத்தில் வந்ததுதானே? அது எப்படி ஓடுகிறது?

இந்த கிராக் விவகாரத்தையும் சொல்லியே ஆக வேண்டும். 2013-ல் அடோபி இனி விற்பனை கிடையாது, சந்தாதான் என்று அறிவித்துவிட்டது. மாதா மாதம் வாடகை கட்டாவிட்டால் மென்பொருள் பூட்டிக்கொள்ளும். நம் பக்கத்து ஸ்டுடியோக்களில் எத்தனை பேர் அந்த வாடகையைக் கட்டுகிறார்கள்? பாதிப் பேர் 2002-ல் வந்த போட்டோஷாப் 7-ஐ எங்கிருந்தோ கிடைத்த சிடியிலிருந்து ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் ஆன்ட்டி வைரஸை நிறுத்திவிட்டு ஏதோ ஒரு ஃபைலை ஓடவிட்டு பூட்டை உடைக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரில்தான் நம் பெண்களின் படங்களும் ஆதார் நகல்களும் கிடக்கின்றன. பூட்டை உடைக்கக் கொடுத்தவன் சாவியை எங்கே வைத்திருக்கிறான் என்று யாராவது கேட்டார்களா? காசுள்ள நிறுவனத்திடம் திருடுவது சாமர்த்தியம், நேர்மையாக இலவசமாகத் தருபவன் ஏமாளி என்ற புத்தி எங்கிருந்து வந்தது?

தமிழுக்கு நடந்ததைப் பாருங்கள். பழைய போட்டோஷாப்பில் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அதனால்தான் கடைகள் எல்லாம் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களைக் கட்டிக்கொண்டு அழுகின்றன. கல்யாணப் பத்திரிகை வாசகத்தை வாட்சப்பில் அனுப்பினால், "அதெல்லாம் ஒட்ட முடியாது, மறுபடி டைப் பண்ணணும்" என்று சொல்லி, மாப்பிள்ளை பெயரிலேயே பிழை விடுகிறார்கள். கிம்பில் யூனிகோட் தமிழ் கொம்போடும் காலோடும் ஒழுங்காக வந்து உட்காரும். திருமுல்லைவாயில் ஸ்டுடியோவில் அந்த 2 ஜிபி லேப்டாப்பில் ஒரு நினைவஞ்சலி அட்டையை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தார். வீட்டார் போனில் அனுப்பிய வரிகளை அப்படியே ஒட்டினார், ஓர் எழுத்து உடையவில்லை. தமிழில் தொழில் செய்பவனுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேறென்ன வேண்டும்?

உடனே ஒருவர், அச்சகத்துக்கான சி.எம்.ஒய்.கே. நிறமுறை கிம்பில் இல்லையே என்று கையைத் தூக்குவார். எப்போதும் தூக்குவார். பாஸ்போர்ட் போட்டோவுக்கும் ஆல்பத்துக்கும் சி.எம்.ஒய்.கே. எதற்கு? போட்டோ லேப்பில் சாதாரண ஜேபெக்கைத்தானே வாங்கிக்கொள்கிறார்கள். சிவகாசிக்கு ஆஃப்செட் வேலை அனுப்புகிறவருக்கு அது தேவை. அவருக்கு அதைச் செய்யும் கிரிட்டா என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் காசில்லாமல். பிளஸ் டூ முடித்த பெண்ணிடம் போய் இதைப் பேசுவது அவளைப் பயமுறுத்துவதற்குத்தான்.

புது மெஷின் கேட்கும் அந்தப் பயிற்சி மையங்களில் முதல் வாரம் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் தெரியுமா? முகத்தை வெள்ளையாக்குவது. நம் ஊர்க் கறுப்பை, நம் அப்பன் ஆத்தா நிறத்தை, ஸ்லைடரை இழுத்து மைதா மாவாக்குவதுதான் பயிற்சி. கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் மணப்பெண்ணை அவள் அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. பிறகு ஃபிளெக்ஸ் பேனர். பிறந்தநாள், பூப்பு நீராட்டு, தலைவர் வருகை என்று இருபது முகங்களை வெட்டி ஒட்டுவது. 2019-ல் பள்ளிக்கரணையில் ஒரு பேனர் சரிந்து ஓர் இளம்பெண்ணின் உயிர் போன பிறகும் இந்தப் பாடம் மாறவில்லை. ஒளி எங்கிருந்து விழுகிறது, நிழலில் விவரத்தை எப்படிக் காப்பாற்றுவது, மஞ்சளாகிப்போன 1970-களின் படத்தில் புடவையின் நிறத்தை எப்படி மீட்பது என்று யார் சொல்லித் தருகிறார்கள்? எந்த மெனுவில் எந்தப் பட்டன் என்பதை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்து, அதற்குச் சான்றிதழ் வேறு. கர்வ்ஸைப் புரிந்துகொண்டவளுக்கு எந்த மென்பொருளில் இருந்தாலும் அது கர்வ்ஸ்தான்.

அக்காவிடம் அடகு வைக்க வேண்டாம் என்றேன். லேப்டாப்பை வாங்கி, 64 பிட் பிராசசர்தான் என்று பார்த்துவிட்டு, லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. ஏற்றிக் கொடுத்தேன். விண்டோஸ் 7-லேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றாலும் கிம்ப் 2.10 அதில் ஓடும். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3-க்குத்தான் விண்டோஸ் 10 வேண்டும். ஆனால் விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன, அதில் இணையத்துக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்காவின் மகள் இப்போது திருமுல்லைவாயில் ஸ்டுடியோவில் சாயங்கால நேரத்தில் உதவிக்குப் போகிறாள்.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், புதிய தலைமுறை பிராசசர் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் மெஷின்களை எடைக்குப் போடச் சொல்லி இனிக் கடைக்குக் கடை சொல்வார்கள். யாரும் போடாதீர்கள்.

பள்ளிக் கல்வித் துறையையும் விட முடியாது. பாடத்திட்டத்தைப் புதுப்பித்து 2019-ல் கொண்டுவந்த பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்குப் பாடம் இருக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல். அந்தப் பாடம் படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்போது பிறந்தே இருக்கமாட்டார்கள். பதினொன்றாம் வகுப்பில் ஓப்பன் ஆஃபீஸையும் உபுண்டுவையும் சொல்லிக்கொடுத்த அதே துறைக்கு, பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் இருப்பதும் படத்துக்குக் கிம்ப் இருப்பதும் தெரியாமலா போனது? கட்டற்ற மென்பொருளுக்கென்றே 2012-லிருந்து கணியம் இதழ் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறது. ஆள் இல்லை, புத்தகம் இல்லை என்ற சாக்கும் செல்லாது. அடுத்த பதிப்பில் பேஜ்மேக்கரை எடுத்துவிட்டு இவற்றை வையுங்கள். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்களிலேயே ஏற்றுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு ஆல்பத்திலிருந்து கீறல் விழுந்த ஒரு படத்தைக் கொண்டுவந்து, ஸ்கேன் செய்து, சரிசெய்து காட்டட்டும். செய்முறைத் தேர்வில் இருபது மதிப்பெண்ணை அதற்கு ஒதுக்குங்கள்.