வண்ணம் பூசும் தொழிலும் ஆசானும்

குமரி மாவட்டத்தில், வள்ளியாறு கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்த ஊர் கடியப்பட்டணம். மீன்பிடித்தல் இவ்வூரின் பழந்தொழில். எனினும், இத்தகைய கடற்கரை ஊர்களில் கடலுக்குச் செல்லாது கட்டட வேலையை நாடும் இளைஞரும் உளர். பள்ளிப் படிப்பை முடித்து, வீட்டுக்கு வண்ணம் பூசும் தொழிலில் இறங்க விரும்பும் இளைஞன் முதலில் தேட வேண்டியது கூலியையா, ஆசானையா? ஆசானையே தேட வேண்டும் என்பது என் துணிபு.

வண்ணம் பூசுதலை ஒரே நாளில் கற்றுவிடலாம் என்று கருதுவோர் பலர். தூரிகையைத் தோய்த்துச் சுவரில் இழுப்பது எளிதே. ஆனால், பூசிய வண்ணம் நிலைப்பது அதற்கு முன் நடைபெறும் வேலையைப் பொறுத்தது. கடற்காற்று சுமந்து வரும் உப்பு சுவரிலும் இரும்புக் கம்பியிலும் படிகிறது. சுவரின் உள்ளே ஈரம் இருப்பின், அது உப்பைக் கரைத்து வெளியே கொணர்கிறது. ஈரம் உலர்ந்ததும் உப்புப் பூத்து, வண்ணத்தைப் பெயர்த்துத் தள்ளுகிறது. ஆதலின் பழைய பூச்சைச் சுரண்டவும், நன்னீரால் கழுவவும், ஈரம் உலரும்வரை காத்திருக்கவும், பட்டி பார்க்கவும், உப்புத்தாளால் தேய்க்கவும், பிரைமர் பூசவும் தொழிலாளி அறிந்திருத்தல் வேண்டும். இவற்றுள் காத்திருத்தலே கடினமான பாடம். அதனை ஆசானின் கண்டிப்பே நன்கு கற்பிக்கும்.

கையாளும் பொருளையும் அவன் அறிய வேண்டும். கடியப்பட்டணத்தை அடுத்த மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட் என்னும் கனிமம் பிரித்தெடுக்கப்படுகிறது. வண்ணப்பூச்சுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு இக்கனிமத்திலிருந்து செய்யப்படுகிறது. முற்காலத்தில் வெண்மைக்காக ஈயச் சேர்மத்தைக் கலந்தனர், அது நஞ்சு. வீட்டுப் பூச்சில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி, இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், பழைய சுவர்களில் பழைய பூச்சு இன்னும் இருக்கக்கூடும். அதனை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசி, தேய்ப்பவனுக்கும் அவ்வீட்டுக் குழந்தைகளுக்கும் தீங்கு செய்யும். நனைத்துத் தேய்க்க வேண்டும் என்று சொல்லித்தருவார் இல்லையெனில், இளைஞன் அதனை எவ்வாறு அறிவான்?

எடுபிடியாக இருப்பது வேறு. தொழில் பழகுவது வேறு. மூன்று ஆண்டுகள் வாளி சுமந்தும் தரை துடைத்தும் இருந்தவன், ஒரு சுவரையேனும் தானே முடிக்கும் வாய்ப்பைப் பெறாவிடில், கூலி பெற்றானேயன்றித் தொழில் பெறவில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இவ்வேறுபாட்டை உணர்ந்து, பயிற்சிக்கு ஒப்பந்தமும் உதவித்தொகையும் வேண்டும் என்று வகுத்தது. ஆனால், இரண்டு மூன்று பேரை வைத்து வேலை செய்யும் ஊர் மேஸ்திரியை அச்சட்டம் எளிதில் எட்டுவதில்லை. ஆகவே, பயிற்சிக் காலம் எவ்வளவு, எவ்வேலை எப்போது கற்பிக்கப்படும், கூலி என்ன, சாரத்தில் ஏறுங்கால் காப்பு என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதி, பெற்றோர் முன்னிலையில் இருவரும் கையொப்பமிடுதல் நன்று.

வறிய குடும்பம் குறைந்த கூலியை எவ்வாறு பொறுக்கும் என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. கற்பவனுக்கும் வயிறு உண்டு. அதற்குப் போதிய கூலி தரப்பட வேண்டும். அத்துடன், வாரத்தில் ஒரு நாளேனும் தன் கையால் சுவரில் பழகும் உரிமையும் அவனுக்கு வேண்டும். இதனால் மேஸ்திரிக்கும் நட்டமில்லை. நன்கு கற்ற துணையாள் செய்த வேலையை மறுபடி செய்ய நேராது.

மாணவர்களே! உங்களுள் எவரேனும் இத்தொழிலை விரும்பினால், மேஸ்திரி நேற்றுப் பூசிய வீட்டைக் கண்டு மயங்காதீர்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைத்த பின்னும் அவர் பூசிய வண்ணம் எவ்வீட்டில் நிலைத்துள்ளது என்று கேட்டறிந்து, அதனைச் சென்று பாருங்கள். அத்தகைய சுவர் ஒன்றைக் கண்டால், அவரிடம் தொழில் கற்றுத்தருமாறு வேண்டுங்கள்.