அரும்பு ஒரு ரேங்க் அல்ல

பிள்ளை கொண்டுவரும் மதிப்பெண் அட்டையைக் கையில் வாங்கியதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எத்தனையாவது ரேங்க்?" என்பதுதான். கேட்கும் பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் படித்த காலத்தில் பள்ளிக்கூடம் வீட்டோடு பேசியது அந்த ஒரே மொழியில்தான். இன்றைய தொடக்கப் பள்ளி வேறு மொழியில் பேச முயல்கிறது. அதைக் காதுகொடுத்துக் கேட்பது நம் அனைவரின் பொறுப்பு.

கணக்கில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு 60 மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்குக் கூட்டல் நன்றாக வருகிறது. கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாற்றம். இன்னொரு பிள்ளைக்குக் கழித்தலும் வரும். ஆனால் கணக்கை வாக்கியமாகக் கொடுத்தால் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. இருவருக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. 60 என்ற எண் அதைச் சொல்லாது. எது வருகிறது, எது இன்னும் வரவில்லை என்று திறன் வாரியாகச் சொல்லும் அட்டைதான் சொல்லும்.

இந்தச் சிந்தனை நமக்குப் புதிதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைக் கற்றல் ஏணியில் அவரவர் வேகத்தில் ஏறவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வகுத்ததன் நோக்கம், பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே கற்பிக்க வேண்டும் என்பதுதான்.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது, நிலையே பட்டப்பெயராகிவிடுவது. "இவன் இன்னும் அரும்புதான்" என்று வகுப்பறையிலோ வீட்டிலோ ஒரு சொல் விழுந்தால், ஒழிந்ததாக நினைத்த ரேங்க் பூவின் பெயரில் திரும்பி வந்துவிடும். இரண்டாவது, மதிப்பீடு அதை ஆசிரியர் பதிவேற்றும் கைப்பேசிச் செயலியோடு நின்றுவிடுவது. பதிவேற்றும் வேலையே ஆசிரியரின் நேரத்தைத் தின்றால், கண்டறிந்த குறையைச் சரிசெய்ய நேரம் எங்கே மிஞ்சும்?

ஆகவே பொறுப்பைப் பகிர்ந்துகொள்வோம். ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவையான கூடுதல் பயிற்சி தர வேண்டும். பெற்றோரைத் தவறாமல் சந்தித்து முன்னேற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு இட்டிருக்கும் கடமைகள் இவை. அந்தச் சந்திப்பில் 'கற்றல் விளைவு' போன்ற துறைச்சொற்கள் வேண்டாம். "ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் குழப்பிக்கொள்கிறாள்" என்றால் எந்தத் தாய்க்கும் புரியும். பதிவேற்றும் சுமையைக் குறைத்து ஆசிரியரை வகுப்பறைக்குத் திருப்பித் தருவது அரசின் கடமை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்று சொல்வதும் அதே சட்டம்தான். கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசும் அந்தக் கூட்டத்தில், எத்தனை பிள்ளைகளுக்கு இன்னும் சரளமாக வாசிக்க வரவில்லை, அவர்களுக்கு என்ன செய்யப் போகிறோம் என்பதையும் பேச வேண்டும். எந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லாமலே அதைப் பேச முடியும்.

பெற்றோர் செய்ய வேண்டியது சிறிதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களாலும் முடியும். மகள் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். கடைக்குப் போனால் மீதிச் சில்லறையை மகனையே எண்ணி வாங்கச் சொல்லலாம். அடுத்த முறை அட்டையில் கையெழுத்துப் போடும் முன் ஆசிரியரிடம், "என் பிள்ளைக்கு எது இன்னும் வரவில்லை? வீட்டில் நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். ரேங்க் கேட்ட வாய் இதைக் கேட்கத் தொடங்கினால், பதில் சொல்லப் பள்ளியும் தயாராகும்.