ஓபன்-பேக் ஹெட்போன்: மாடலுக்கு முன்னாடி ரூமைப் பாருங்க!

சென்ஹைசர் எச்டி 600-ஆ, எச்டி 650-ஆ, ஹைஃபைமேன் சுந்தராவா? வீட்டில் பாட்டு கேட்க ஓபன்-பேக் ஹெட்போன் தேடுபவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். மணலி, எண்ணூர் தொழிற்பகுதியை ஒட்டிய சடையங்குப்பத்தில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: ரூமுக்குள்ள லாரி சத்தம் கேட்குதா?

ஓபன்-பேக் ஹெட்போனில் காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலைபோல் திறந்திருக்கும். 1968-ல் வந்த சென்ஹைசர் எச்டி 414 இந்த வகைக்கு முன்னோடி. காற்று அடைபடாததால் இசை தலைக்குள் முட்டாமல் விரிந்து கேட்கும். ஆனால், அதே வழியில் வெளிச்சத்தமும் உள்ளே வரும். கன்டெய்னர் லாரி உறுமினால் கை தானாக வால்யூமைக் கூட்டும்.

ஆபத்து அங்கேதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம்; 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான்.

ரூம் அமைதியா இருந்தா தாராளமா வாங்கலாம். எச்டி 600, 650 இரண்டும் 300 ஓம். போனில் நேரடியாகச் செருகினால் சத்தம் போதாமல் போகலாம். எனவே ஆம்ப்ளிஃபயர் செலவையும் பட்ஜெட்டில் சேர்க்கணும். குரல் துல்லியமாக வேண்டும் என்றால் 600, கொஞ்சம் மென்மையாக வேண்டும் என்றால் 650.

ஆர்டர் போடும் முன், வழக்கமாகப் பாட்டு கேட்கும் நேரத்தில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். ஃபேன் சத்தத்தையும் மீறி லாரி கேட்டால், க்ளோஸ்டு-பேக் ஹெட்போனே நல்லது. பிடிக்காத ஹெட்போனை விற்றுவிடலாம். சத்தத்தால் போன செவித்திறன் திரும்ப வராது.